கண்ணீர்க்கான் சத்திரசிகிச்சையும் கண்ணின் மேற்பரப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையும், அவற்றை வென்ற மருந்துகளையும், இதயம், மூளை முதலாய பேருறுப்புகளையுமே தமது பொருளாகக் கொள்வர். இமையின் மூக்கோரக் கடையிலே ஊசிமுனையளவாய்த் திறந்திருக்கும் ஒரு துளையும், அதிலிருந்து மூக்கினுள் இறங்கும் ஒரு சிறு கானும் அத்தகைய நூல்களில் ஒரு பந்தி இடம்பெறுவதும் அரிது. ஆயினும் அச்சிறு வழியைச் செப்பனிட மனிதர் எடுத்துக்கொண்ட முயற்சிகளைக் காலவரிசையில் வைத்து நோக்கும்போது, ஒரு துறையின் சிந்தனை முழுவதும் எவ்வாறு ஓர் உவமையினுள் நெடுங்காலம் சிறைப்பட்டிருக்கலாம் என்பதை நாம் தெளிவாகக் காண்கிறோம். அவ்வுவமை வடிகாலாகும். கண்ணீர் என்பது வெளியேறவேண்டிய நீர். கான் என்பது அதனை வெளியேற்றும் குழாய். குழாய் அடைபட்டால் திறக்கவேண்டும், திறக்கவியலாதெனில் வேறொரு குழாய் வெட்டவேண்டும் என்பதே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாகச் சத்திரசிகிச்சையாளர் கொண்டிருந்த நோக்கு. அக்கண்ணீர் வெளியேறுமுன் கண்ணின்மேல் என்ன செய்துகொண்டிருந்தது என்ற வினா மிகப் பிந்தியே எழுந்தது. அவ்வினா பிந்தி எழுந்தமைக்கான காரணங்களையும், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முயல்கிறோம்.

முதலில் உறுப்புகளின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். கண்குழியின் மேற்புற வெளியோரத்திலே கண்ணீர்ச்சுரப்பி உள்ளது. இமைகளின் உட்புறத்தை மூடியுள்ள இணைப்படலத்தில் மேலும் பல சிறுசுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. இமையோரத்தில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. இவை அனைத்தும் சேர்ந்து உண்டாக்கும் திரவம், கருமணியின் முன்னுள்ள ஒளிபுகு படலமாகிய விழிவெண்படலத்தின்மீது மெல்லிய போர்வையாகப் பரவுகின்றது. எஞ்சியது இமைகளின் மூக்கோரத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக உள்ள கண்ணீர்த்துளைகளினூடே நுண்குழல்களிற் புகுந்து, கண்ணீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து மூக்குக் கண்ணீர்க்கான் வழியாக மூக்கினுள் இறங்குகின்றது. அழுபவருக்கு மூக்கு ஒழுகுவது இதனாலேயே. இங்கு கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை. அறுவை வைத்தியத்தைத் தமிழில் எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்திலே சாமுவேல் கிறீனாலும் அவருடைய மாணவராலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பெற்றது. துருயிற் என்பாரின் சத்திரசிகிச்சை நூல் 1867 இல் ‘இரண வைத்தியம்’ எனத் தமிழில் வெளிவந்தது. எனினும் ஒரு குறை இன்றும் உளது. கன்னத்தில் வழிவதும் கண்ணீரே, கண்ணின்மேல் எப்பொழுதும் தங்கியிருப்பதும் கண்ணீரே என ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம். இக்குறை தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. ஐரோப்பிய மொழிகளும் இவ்வேறுபாட்டைக் காட்டவில்லை. அவற்றிற் சிந்தித்த வைத்தியரும் காணவில்லை.

கண்ணின் கடையில் நேரும் சத்திரசிகிச்சை பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு சட்டநூலில் இருப்பதாகச் சிலர் கருதுவர். கி.மு. 18 ஆம் நூற்றாண்டினதான பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத்தொகுதி, வெண்கலக் கீறுகத்தியால் கண்ணருகே ஒரு கட்டியைத் திறந்து கண்ணைக் காத்த வைத்தியனுக்குரிய கூலியை விதிக்கின்றது. அக்கட்டியைக் குறிக்கும் ‘நக்கப்து’ என்ற சொல்லுக்குச் சீழ்கொண்ட கண்ணீர்ப்பை எனப் பொருள் கொள்வாரும் உளர். நெற்றிப்பொட்டு எனக் கொள்வாரும் உளர். அவ்விவாதத்தை மொழியறிஞரிடம் விட்டுவிடலாம். நமது கவனத்துக்குரியது கூலியின் அளவே. நோயாளி உயர்குடியினனாயின் 10 ஷெக்கல் வெள்ளி, சாதாரண குடியினனாயின் 5, அடிமையாயின் அவனது ஆண்டான் கொடுக்கவேண்டியது 2. உயர்குடியினனின் கண் அழிந்தால் வைத்தியனின் கைகள் வெட்டப்படும். அடிமையின் கண் அழிந்தால் அவனது விலையிற் பாதியைக் கொடுத்தாற் போதும். கண்ணின் பெறுமதி உடையவனின் வர்க்கத்தைப் பொறுத்ததாய் இருந்தது. இதனை இவ்விடத்தில் எடுத்துக் கூறுவதற்குக் காரணம், பின்னர் வரும் செய்திகளிலும், சட்டத்தில் எழுதப்படாமலே, இதன் சாயலைக் காண்போம் என்பதாகும்.

பண்டைய உரோமில், கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய கெல்சஸ், மூக்கோரக் கடையில் ஓயாது சீழ்வடியும் புரையோடிய புண்ணை எலும்புவரை அகழ்ந்தெடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எலும்பைச் சுடவேண்டுமென்றார். சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் கண்ணின் சந்திகளிலே தோன்றும் ஒன்பது நோய்களை வகுத்து, அவற்றுள் பூயாலசம் எனச் சீழ்கொண்ட வீக்கம் ஒன்றினைக் கூறும். இவையனைத்திலும் நோய் என்பது புண். சிகிச்சை என்பது புண்ணை அழித்தல். கண்ணீருக்கும் அப்புண்ணுக்கும் உள்ள தொடர்பு தெளிவாக உணரப்படவில்லை.

அத்தொடர்பு தெளிவாவதற்குக் கண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்பது முதலில் தெரியவேண்டியிருந்தது. மூளையிலிருந்து வடியும் கசிவே கண்ணீர் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்ரென்சன் என்ற இளைஞர் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் விலங்குத் தலைகளை வெட்டி ஆராய்ந்து, கண்ணீர்ச்சுரப்பியிலிருந்து இமையின் உட்புறத்துக்கு வரும் நுண்ணிய கான்களைக் கண்டு, 1662 இல் வெளியான தமது நூலில் விளக்கினார். கண்ணீர் கண்ணை நனைப்பதற்காகச் சுரப்பியில் உண்டாகும் திரவம் என்பது அவரது முடிபு. இங்கு ஒரு வரலாற்று வேடிக்கையைக் காணலாம். கண்ணின் மேற்பரப்பை நனைத்தலே கண்ணீரின் பணி என்ற கருத்து, சத்திரசிகிச்சையாளர் குழாயைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே நூலில் ஏறிவிட்டது. அதனை எடுத்தாள்வார்தாம் இல்லை.

எடுத்தாளாமைக்குக் காரணம் அறிவின்மை அன்று. அவர்கள் எதிர்கொண்ட நோயின் தன்மையே. வைத்தியரிடம் வந்தவர் கண் நனைகிறதா காய்கிறதா என்று முறையிட வரவில்லை. சீழ்வடியும் கடைக்கண்ணோடு வந்தனர். புளோஜிஸ்தன் என்ற கொள்கையால் வேதியியல் வரலாற்றிற் பெயர்பெற்ற கேயோர்க் ஸ்ராலே 1702 இல், இப்புண்ணுக்கு மூலம் கானில் ஏற்படும் அடைப்பு எனச் சுட்டிக்காட்டினார். வேதியியலில் அவரது கொள்கை பிழைத்துப்போயிற்று. இங்கு அவர் கூறியது நிலைத்தது. 1713 இல் தூரின் நகரிலே பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளர் டொமினிக் அனெல், மயிரிழை போன்ற சலாகையை மேல் கண்ணீர்த்துளை வழியாகச் செலுத்தியும், மிக நுண்ணிய முனைகொண்ட பீச்சுகுழலால் கீழ்த்துளை வழியாக நீர் பாய்ச்சியும், வெட்டாமலே அடைப்பை நீக்கும் முறையை வெளியிட்டார். அவரிடம் சிகிச்சை பெற்றோருள் சவோய் அரசகுடும்பத்துப் பெருமாட்டி ஒருவரும் அடங்குவர். அனெலின் பீச்சுகுழல் பெயரளவில் இன்றும் வாழ்கின்றது. நீர் பாய்ச்சிப் பார்க்கும் பரிசோதனை இன்றும் கண் வைத்தியசாலைகளில் அன்றாட நிகழ்ச்சி.

அனெலுக்குப் பின் குழாய் உவமை முழு ஆட்சி பெற்றது. பாரிசில் ஷான் லூயி பெற்றி 1730 களில், நுண்குழல்களும் கானும் சேர்ந்து சமமற்ற இரு கால்களையுடைய இறைகுழாய் போலத் தொழிற்படுகின்றன என்றார். இலண்டனில் பேர்சிவல் பொற் 1758 இல் இந்நோய்க்கெனத் தனிநூல் எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வேயர் ஆணித்தலை போன்ற முனையுடைய வெள்ளிச் சலாகையைக் கானினுள் வைத்து ஆண்டுக்கணக்கில் அணிந்திருக்கச் செய்தார். கான் முழுவதும் உலோகத்தால் நிறைந்திருந்தபோதும் கண்ணீர் வடிதல் குறைந்தமை அவருக்கே வியப்பாயிருந்தது. நிறைந்த குழாயில் நீர் எவ்வாறு இறங்கும்? இறைகுழாய்க் கொள்கையினர் அன்றே நின்று யோசித்திருக்கவேண்டிய இடம் இது. எவரும் நிற்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியம் போமன் வருகிறார். சிறுநீரகத்தின் நுண்ணமைப்பைப் படிக்கும் மாணவர் அனைவரும் இவர் பெயரை அறிவர். விழிவெண்படலத்தின் மேலணிக்குக் கீழுள்ள ஒரு படையும் இவர் பெயரையே தாங்குகின்றது. கண்ணின் மேற்பரப்பை நுணுக்குக்காட்டியின்கீழ் இத்துணை நெருங்கிப் பார்த்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அத்தகையவர் 1857 இல் வெளியிட்ட கண்ணீர்க்கான் சிகிச்சை முறை யாதெனில், நுண்குழலைத் துளையிலிருந்து உள்நோக்கிப் பிளந்து திறந்த வாய்க்காலாக்கி, அதனூடே படிப்படியாகப் பருமன்கூடிய சலாகைகளைச் செலுத்திக் கானை விரிப்பதாகும். இம்முறை எளிது, கருவிகள் மலிவு, விரைவில் உலகெங்கும் பரவிற்று. குழாய் அகன்றால் ஓட்டம் பெருகும் என்பதே அடிப்படை எண்ணம். ஆனால் பிளக்கப்பட்ட நுண்குழல் குழாயாக இருக்கவில்லை. கான் திறந்திருந்தும் கண்ணீர் கன்னத்தில் வழிந்த நோயாளர் பலரை இம்முறை உண்டாக்கியது. அதற்கான விளக்கத்துக்கு மேலும் நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில்தான் இவ்வரலாற்றின் சமூகப் பக்கம் கடுமையாக வெளிப்படுகின்றது. 1870 இல் ஜேர்மனியின் தியோடோர் சேமிஷ், விழிவெண்படலத்திற் பாம்புபோல் ஊர்ந்து பரவும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். அப்புண் யாரைத் தாக்கிற்று? கதிர்முனையோ உமியோ கல்துகளோ கண்ணிற் கீறிய விவசாயத் தொழிலாளரையும் கல்லுடைப்போரையுமே பெரும்பாலும் தாக்கிற்று. அறுவடைக் காலம் அதற்குரிய காலமாயிருந்தது. கீறல் சிறிது, ஆயினும் கண்ணீர்ப்பையிற் சீழ் தேங்கியிருந்தவரின் கண்ணில் அச்சிறு கீறலே கண்ணைக் குடிக்கும் புண்ணாக மாறிற்று. நியூமோகொக்கஸ் என்னும் கிருமியே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதை 1896 அளவில் உற்கோவும் அக்சன்வெல்டும் நிறுவினர். தேங்கிய பையிலிருந்து கிருமிகள் எதிர்த்திசையில் துளைவழியே கண்ணின்மேல் ஊறிக்கொண்டிருந்தன. குழாயின் அடைப்புக்கும் மேற்பரப்பின் அழிவுக்கும் உள்ள நேரடித் தொடர்பை வைத்தியர் முதன்முதலில் கண்டது உழைப்பாளியின் கண்ணிலே என்பது குறிப்பிடத்தக்கது.

கண்டபின் செய்தது யாது? பையை வெட்டி அகற்றினர். வியன்னாவில் கார்ல் கொல்லர் 1884 இல் கொக்கேயினால் கண்ணை மரக்கச்செய்யலாமெனக் காட்டியதும், கிருமிநீக்க முறைகள் பரவியதும் இவ்வறுவையை எளிதாக்கின. சீழ்மூலம் ஒழிந்தது, விழிவெண்படலம் காக்கப்பட்டது. கண்ணுக்குள் அறுவை செய்யுமுன், குறிப்பாகக் கண்புரை அகற்றுமுன், பை சுத்தமாயிருக்கிறதா எனப் பார்ப்பதும், அழுக்காயின் பையை எடுத்துவிடுவதும் நெடுங்காலம் விதியாயிற்று. கண்ணீர் செல்லும் வழி நிரந்தரமாக இல்லாதொழிந்தது என்பது இரண்டாம்பட்சமாகக் கருதப்பட்டது. வேலைத்தலத்தில் ஓயாது கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது உழைப்பாளிக்குச் சிறிய விலை என எண்ணியிருத்தல் வேண்டும். கண்ணையே இழப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிதுதான். எனினும் ஒப்பிட்டவர் அவரல்லர்.

ஆனால் இவ்வறுவையே எதிர்பாராத ஓர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. வழி முற்றாக ஒழிந்தபின் கண்ணீர் முன்னிலும் கூடுதலாக வழியவேண்டும் என்பதே குழாய்க் கொள்கையின் முடிபு. நடந்தது பெரும்பாலும் வேறு. பையை இழந்தவர் பலருக்குக் கண்ணீர் வடிதல் முன்னிலும் குறைந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமன்று. சீழ் ஊறிக்கொண்டிருந்த வரை கண்ணின் மேற்பரப்பு உறுத்தலுக்குள்ளாகியிருந்தது. உறுத்தல் நரம்பு வழியே சுரப்பியைத் தூண்டிற்று. உறுத்தல் நீங்கவே சுரப்பும் தணிந்தது. அதாவது கன்னத்தில் வழிந்த கண்ணீரில் ஒரு பகுதி வடிகால் அடைபட்டதனால் வழிந்ததன்று. கண்ணின் மேற்பரப்பு அழைத்ததனால் வந்தது. இவ்வவதானத்தை நாம் இவ்வரலாற்றின் திருப்புமுனை என்றே கொள்ளவேண்டும். ஆயினும் அக்காலத்து நூல்களில் இது ஒரு நல்ல செய்தியாகச் சொல்லப்பட்டதேயன்றி ஒரு கொள்கையாக வளர்க்கப்படவில்லை.

இன்னொரு பக்கத்தில், வடிகாலைத் திறக்கவியலாவிடின் ஊற்றையே அடைத்துவிடலாம் என எண்ணிக் கண்ணீர்ச்சுரப்பியை வெட்டியெடுத்தாரும் அந்நூற்றாண்டில் இருந்தனர். அவர்களது நோயாளரின் கண்கள் பெரும்பாலும் உடனடியாகக் காய்ந்துபோகவில்லை. கிரௌசே, வுல்ஃப்றிங் ஆகியோர் பெயரால் வழங்கும் சிறுசுரப்பிகள் ஓரளவு ஈரத்தைக் காத்தன. இதனைச் சான்றாகக் கொண்டு பெருஞ்சுரப்பி தேவையற்றதென முடிவுகட்டியமை ஆபத்தானது. இமையை அடுத்துள்ள சுரப்பிப் பகுதியை மாத்திரம் எடுப்பது மென்மையான அறுவை என அவர்கள் நம்பினர்; ஆனால் உட்பகுதியின் கான்களெல்லாம் அப்பகுதியினூடாகவே வெளிவருவதால், அதனை எடுப்பது சுரப்பி முழுவதையும் துண்டிப்பதற்கு ஒப்பாகும். உறுத்தும்போது பெருகிக் கண்ணைக் கழுவும் ஆற்றல் அத்தோடு போய்விடுகின்றது.

1904 இல் புளோரன்ஸ் நகரின் அட்டேயோ தொற்றி ஒரு புதிய வழியைக் காட்டினார். கண்ணீர்ப்பைக்கும் மூக்கறைக்கும் இடையே மெல்லிய எலும்பொன்றே உள்ளது. அவ்வெலும்பில் வாயில் திறந்து, பையின் உட்சுவரை நீக்கி, அதனை நேரே மூக்கோடு இணைத்துவிட்டால் கீழுள்ள கான் அடைபட்டிருப்பினும் கவலையில்லை. தொற்றி தமது முறையைப் ‘பேணும் முறை’ எனத் தலைப்பிலேயே குறிப்பிட்டமை கவனிக்கத்தக்கது. பையை எடுத்தெறிவோர்க்கு எதிரான வாதம் அத்தலைப்பில் உள்ளது. நியூயோர்க்கின் கால்டுவெல் 1893 இலேயே மூக்கின் உட்புறமாக இதனை முயன்றிருந்தார். ஆயினும் அக்கால ஒளியும் கருவியும் அவ்வழிக்குப் போதவில்லை. பாரிசில் துப்புய்-துதாம், பூர்கே ஆகியோர் 1921 அளவில் பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் விளிம்போடு விளிம்பாகத் தைத்து இணைத்ததும் தொற்றியின் முறை உறுதி பெற்றது. இன்று தோல்வழி செய்யப்படும் அறுவை சாராம்சத்தில் அதுவே.

ஆனால் இவ்வறுவை எலும்பைச் செதுக்குவது, நேரம் எடுப்பது, குருதி பெருகுவது, பயிற்சி வேண்டுவது. பையை எடுத்தலோ குறுகிய நேரத்தில் முடிவது. ஆகவே இந்தியா முதலிய நாடுகளின் பெரிய பொது வைத்தியசாலைகளில், நீண்ட வரிசையில் காத்திருந்த முதியோருக்கும் ஏழைகளுக்கும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பையை எடுத்தலே தொடர்ந்தது. தொற்றியின் வாயில் எல்லோருக்கும் திறக்கவில்லை என்று சொல்வது மிகையாகாது.

குழந்தைகளைப் பற்றி ஒரு குறிப்போடு அமைவோம். பிறக்கும்போது கானின் கீழ்முனை சவ்வால் மூடியிருத்தல் சாதாரணம். ஓராண்டுக்குள் பெரும்பாலான குழந்தைகளில் அது தானே திறந்துகொள்கின்றது. கிறிக்லர் 1923 இல் விரலால் பையை அழுத்தும் எளிய முறையொன்றை விளக்கி, அவசரப்பட்டுச் சலாகை செலுத்தும் வழக்கத்துக்கு மாற்றுக் காட்டினார். தாயின் விரலே போதுமாயிருந்த இடம் இது.

சத்திரசிகிச்சையாளர் இவ்வாறு வாயில் திறந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், வேறு சிலர் கண்ணீரையே ஆராயத் தொடங்கினர். இரு கூட்டத்தாரும் அருகருகே நடந்தும் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை. ஓட்டோ ஷேர்மர் 1903 இல் 5 மில்லிமீற்றர் அகலமும் 35 மில்லிமீற்றர் நீளமுங்கொண்ட வடிதாள் துண்டை கீழிமையில் மடித்து வைத்து, 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறதென அளந்தார். அலெக்சாந்தர் பிளெமிங் 1922 இல் வெளியிட்ட லைசோசைம் என்னும் கிருமியழிக்கும் நொதியம் கண்ணீரில் நிறைந்திருந்தது. எலுமிச்சைச் சாறு விட்டு வரவழைத்த கண்ணீரைக்கொண்டே அவர் தமது பரிசோதனைகளைச் செய்தார். 1933 இல் சுவீடனின் ஹென்றிக் செகிறன், கண்ணும் வாயும் உலர்ந்த பெண் நோயாளர் 19 பேரை ஆராய்ந்து எழுதிய ஆய்வேடு, கண்ணீர் குறைந்தால் மேற்பரப்பு எவ்வாறு சிதைகின்றது என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. அவரது பல்கலைக்கழகம் அதற்கு உயர்தரம் வழங்கவில்லை என்பதும் வரலாறு. 1946 இல் இயூஜீன் வுல்ஃப், கண்ணீர்ப்போர்வை எண்ணெய், நீர், சளியம் என மூன்று அடுக்குகளாலானது என விளக்கினார். அடுக்குகள் தனித்தனியே பிரிந்து நிற்பதில்லை என இன்று கருதப்படினும், அவ்விளக்கம் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தது: கண்ணீர் ஓர் ஓட்டம் என்ற எண்ணம் போய், ஓர் அமைப்பு என்ற எண்ணம் வந்தது.

யப்பானியராகிய மிஷிமாவும் சகாக்களும் 1966 இல் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட அளவீடுகள் இங்கு மிக முக்கியமானவை. ஒரு கண்ணின்மேல் எந்நேரமும் இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலீற்றர். ஒரு நிமிடத்தில் சுரப்பது 1.2 மைக்ரோலீற்றர் அளவே. அதாவது இருப்பில் ஏறத்தாழ 16 வீதம் நிமிடந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றது. இவ்வளவு சிறிய கணக்கில், வெளியேறும் வாயிலை அகட்டுவதும் அடைப்பதும் மேற்பரப்பைத் தொடாமல் எவ்வாறு இருக்கமுடியும்?

இக்கேள்விக்கு நடைமுறையில் விடையிறுத்தவர் வடிகாலைத் திறந்தவரல்லர்; அதனை மூடியவர். 1935 இல் அமெரிக்காவின் பீத்தம், உலர்ந்த விழிவெண்படலத்தில் நார்நாராகத் தொங்கும் நோயுடையோருக்குக் கண்ணீர்த்துளைகளைச் சுட்டு மூடினார். இருக்கும் சிறிதளவு ஈரத்தையேனும் தேக்கிவைப்பது நோக்கம். 1975 இல் பிறீமன், வேண்டும்போது அகற்றக்கூடிய சிலிக்கோன் அடைப்பானை அறிமுகஞ்செய்தார். ஒரே துளையை ஒருவர் திறக்கவும் மற்றவர் மூடவும் பாடுபட்டனர் என்பதை எண்ணும்போது, இருவருக்கும் பொதுவான பொருள் துளையன்று, கண்ணின் மேற்பரப்பே என்பது புலனாகும்.

குழாய் உவமைக்குக் கடும் அடி கொடுத்தவர் அமெரிக்காவின் ஓறிகன் மாநிலத்தவரான லெஸ்ரர் ஜோன்ஸ். இமையைச் சுற்றியுள்ள தசையின் ஆழ்ந்த நார்கள் கண்ணீர்ப்பையையும் நுண்குழல்களையும் பற்றிநிற்கும் முறையை வெட்டியாராய்ந்து, 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களின் தொடக்கத்திலும் அவர் எழுதிய கட்டுரைகள், ஒவ்வொரு கண்சிமிட்டலும் ஒரு பம்பின் அடிப்பு என நிறுவின. 1981 இல் மார்ஷல் டோன் அதிவேகப் படப்பிடிப்பால் இதனை மேலும் செம்மைப்படுத்தினார். இமைகள் மூடத்தொடங்கிய பாதிவழியிலேயே மேல், கீழ்த் துளைகள் ஒன்றையொன்று முட்டி அடைபடுகின்றன; தொடர்ந்து மூடும்போது நுண்குழல்கள் நசுங்கி உள்ளிருப்பது கீழே தள்ளப்படுகின்றது; இமை திறக்கையில் குழல்கள் விரிந்து உறிஞ்சுவிசை உண்டாகிறது; துளைகள் பட்டென்று விலகியதும் புதிய கண்ணீர் உள்ளிழுக்கப்படுகின்றது. போமனின் நோயாளர் கண்ணீர் விட்டமைக்கான விடை இதுதான். பிளந்த வாய்க்காலில் உறிஞ்சுவிசை உண்டாகாது. அவர் குழாயை அகலமாக்கவில்லை, பம்பை உடைத்தார்.

தொற்றியின் அறுவையையும் இவ்வொளியில் மீண்டும் நோக்கவேண்டியுள்ளது. மூக்கோடு திறந்து இணைக்கப்பட்ட பை இனி மூடிய அறையாக இல்லை; அது பம்பில் ஆற்றிவந்த பங்கு குன்றுகிறது. நுண்குழல்களின் பங்கு எஞ்சுவதால் பெரும்பாலோருக்கு அதுவே போதுமானதாகிறது. தசை தளர்ந்த முதியவரிலும், முகநரம்பு செயலிழந்தவரிலும் வாயில் அகலத் திறந்திருந்தும் கண்ணீர் இறங்குவதில்லை. வேறொன்றும் உண்டு. இயற்கையான கானிலுள்ள சவ்வு மடிப்புகள் மூக்கிலிருந்து காற்று மேலேறாது தடுக்கின்றன. புதிய வாயிலுக்கு அத்தடை இல்லாததால், மூக்கைச் சிந்தும்போது கண்ணின் கடையிற் காற்று வீசுவதைச் சிலர் உணர்வர். நுண்குழல்களே அழிந்தோருக்கு ஜோன்ஸ் கண்கடையிலிருந்து நேரே மூக்கினுள் பொருத்திய கண்ணாடிக் குழாயில் இது இன்னும் மிகுதி.

சத்திரசிகிச்சைக்குப்பின் மேற்பரப்பு அடையும் நன்மையைக் குறைத்துரைக்கவும் கூடாது. தேங்கிய கண்ணீர் வெறும் மிகைநீர் அன்று. அதிற் சிதைந்த கலங்களும், அழற்சியைத் தூண்டும் புரதங்களும், இழையங்களைக் கரைக்கும் நொதியங்களும் சேர்ந்துகொண்டே போகின்றன. கண்ணீரின் அளவினும் அது மாறிச்செல்லும் வேகம் முக்கியமாகலாம் என்பதை மியாமியில் புளூக்பெல்டரும் சகாக்களும் 1990 களில் இருந்து வலியுறுத்தி வந்தனர். அடைப்பு நீங்கி ஓட்டம் மீளும்போது இமையோரத்து நீர்வரம்பு தாழ்கிறது, பார்வையின் கலக்கம் தெளிகிறது, இணைப்படலத்தின் சிவப்பு தணிகிறது. இதற்கு மறுதலையாக, உலர்ந்த கண்ணும் அடைந்த கானும் ஒருங்கே உடையவரிடம், அடைப்பே அதுவரை உலர்வை மறைத்து வைத்திருக்கும். வாயில் திறந்ததும் உறுத்தலும் எரிவும் வெளிப்படுகின்றன. நடுவயதுப் பெண்களிடையே கான் அடைப்பும் மிகுதி, கண்ணுலர்வும் மிகுதி என்பதால் இச்சந்திப்பு அரிதன்று.

சுரப்பும் வடிதலும் ஒன்றையொன்று அறியுமா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் பவுல்சனும் சகாக்களும், கானைச் சுற்றி விரிந்து சுருங்கும் குருதிக்கலன் பின்னல் உள்ளதையும், கண்ணீரின் ஒரு பகுதி கானிலேயே உறிஞ்சப்படுவதையும் எடுத்துக்காட்டி, அவ்வாறு உறிஞ்சப்படுவது சுரப்பிக்கு ஒரு செய்தியாக அமையலாம் என்ற கருதுகோளை முன்வைத்தனர். 2001 இல் யென், புளூக்பெல்டர் ஆகியோர் நலமான கண்களின் துளைகளை அடைத்துப் பார்த்தபோது, சுரப்பு முதலிற் குறைந்து, இரண்டு கிழமைகளளவில் பழைய நிலைக்கு மீண்டது. மேற்பரப்பின் உணர்ச்சியும் அவ்வாறே குறைந்து மீண்டது. குழாயாயின் மேலே என்ன நிகழ்கிறதென்று அறியாது. இங்கு கீழே அடைத்ததை மேலேயுள்ள சுரப்பி ‘உணர்ந்தது’. இணைத்தது மேற்பரப்பின் நரம்புகள் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். கானின் பங்கு பற்றிய கருதுகோள் இன்னும் விவாதத்துக்குரியது.

1989 இல் மக்டொனோவும் மெய்றிங்கும் உட்காட்டியின் துணையால் மூக்கின் உட்புறமாக இவ்வறுவையைச் செய்துகாட்டியதோடு, கால்டுவெல் விட்டுச்சென்ற வழி மீண்டும் திறந்தது. முகத்தில் வடு இல்லை. தோல்வழி முறைக்கும் இதற்குமிடையே எது சிறந்தது என்ற விவாதம் ஆய்விதழ்களை நிறைத்துள்ளது. அவ்விவாதத்திற் பெரிதும் கையாளப்படும் அளவுகோல் அனெலின் அளவுகோலே: நீரைப் பாய்ச்சினால் தொண்டைக்கு இறங்குகிறதா? இறங்கினால் வெற்றி. நோயாளியோ தமது கைக்குட்டை உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இரண்டும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை. ஒன்றுபடாதவற்றைத் ‘தொழிற்பாட்டுத் தோல்வி’ என்ற தனிப்பெயரால் வகுத்துவைப்பதும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய கண்களிற் சிலவற்றில் விடை வாயிலில் இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டுப் போர்வை விரைவிற் கிழிகிறது. கிழிந்த இடம் உறுத்துகிறது. உறுத்தலால் கண்ணீர் பெருகுகிறது. நீர் பாய்ச்சிய ஊசி இதனைச் சொல்லாது. ஒளிர்சாயம் இட்டு மேற்பரப்பை நோக்கவேண்டும். பலர் இன்று அறுவைக்கு முன்னரே அவ்வாறு நோக்குகின்றனர்.

பையை எடுக்கும் பழைய அறுவை பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஏழையின் சிகிச்சை என ஒதுக்கப்பட்ட அது இன்று மறுபடியும் நூல்களில் இடம்பெற்றுள்ளது. பையிற் சீழும், கண்ணில் கடும் உலர்வும் ஒருங்கே உடைய நோயாளிக்குப் புதிய வாயில் திறந்து எஞ்சிய ஈரத்தையும் போக்கிவிடாமல், சீழ்மூலத்தை மாத்திரம் அகற்றிக் கண்ணீரைக் கண்ணின்மேலேயே தங்கவிடுவது தக்கதெனக் கூறப்படுகிறது. கத்தி அதே இடத்தில், அதே வழியிற் செல்கிறது. நூறாண்டுக்கு முன் அவ்வறுவையைச் செய்தவர் கண்ணீர் போக வழியில்லாமற் போவதைக் குறையாக ஏற்றுக்கொண்டனர். இப்போது அதனைச் செய்பவர் அதற்காகவே அவ்வறுவையைத் தெரிகின்றனர்.